பட்டன் சொல்லாத வயது

பழைய டயரைக் கையில் எடுக்கிற யாரும் முதலில் தடவிப் பார்ப்பது அதன் மேல்தடத்தை. டயர்க்கடைகளில் அதைப் பட்டன் என்பார்கள். "பட்டன் நல்லா இருக்கு சார், இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் பேரம் பாதி முடிந்தது. வாங்குகிறவரும் விரலை விட்டுப் பள்ளத்தின் ஆழத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையசைப்பார். உற்பத்தித் தேதியை இருவரும் பார்ப்பதில்லை. டயரின் உட்புறத்தை யாரும் விளக்கடித்துப் பார்ப்பதில்லை.

அதிகம் தேயாத டயர்கள் வீட்டில் வந்து சேர்வதற்குப் பல வழிகள் உண்டு. புதுக் கார் வாங்கிய மாதமே அலாய் வீலும் அகலமான டயரும் போட்டவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, கம்பெனி டயர் நான்கும் அடுக்கியிருக்கும். வயதான பெற்றோரின் கார் ஆறு ஆண்டுகளில் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் போய்வந்திருக்கும்; பிள்ளைகள் வந்து டயரை மாற்றும்போது பழையதில் முக்கால்வாசிப் பட்டன் மிச்சமிருக்கும். ஒரு டயர் வெடித்ததால் நான்கையும் மாற்றியவரிடம் மூன்று இருக்கும். இந்த மூவருக்கும் கேள்வி ஒன்றே: விற்கலாமா, ஒழித்துவிடலாமா? பட்டனை மட்டும் பார்த்தால் மூவருக்கும் ஒரே பதில்தான் வரும். உண்மையில் முதலாமவர் தாராளமாக விற்கலாம். இரண்டாமவர் விற்கவே கூடாது. மூன்றாமவர் டயரைக் கழற்றி உள்ளே பார்க்கும்வரை எதுவும் சொல்வதற்கில்லை.

காரணம், டயருக்கு இரண்டு விதமான அழிவு உண்டு. ஒன்று தேய்வு, அது ஓடிய தூரத்தைப் பொறுத்தது. மற்றது முதுமை, அது காலத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. தேய்வு வெளியே தெரியும். முதுமை பெரும்பாலும் உள்ளேயே நடந்து முடியும்.

தேய்வை முதலில் முடித்துவிடுவோம், அது எளியது. புதிய கார் டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு திட்டுகள் வார்க்கப்பட்டிருக்கும். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் சட்டபூர்வமான ஆயுள் முடிந்தது. காய்ந்த சாலையில் பள்ளத்துக்குப் பெரிய வேலை இல்லை. பந்தயக் கார்கள் காய்ந்த தளத்தில் வழுவழுப்பான டயரில்தான் ஓடுகின்றன. பள்ளங்கள் இருப்பது மழைக்காக. சக்கரத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே மாட்டும் தண்ணீரை அவை பக்கவாட்டில் வாரி வெளியேற்ற வேண்டும். வெளியேற்ற முடியாதபோது தண்ணீர் டயரையே தூக்கிவிடுகிறது. ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், பிரேக் பிடித்தாலும் கார் கேட்காது.

இது எந்த வேகத்தில் நிகழும் என்பதை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்பவர் 1960களில் கண்டறிந்தார். ஓடுதளத்தில் நிற்கும் தண்ணீரில் விமானங்கள் சறுக்குவதை ஆராய்ந்தபோது கிடைத்த விதி அது. பட்டன் ஆழத்தையும் மிஞ்சித் தண்ணீர் நிற்கும்போது, சறுக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 பிஎஸ்ஐ காற்றுள்ள டயருக்குக் கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர் வருகிறது. காற்று 25 பிஎஸ்ஐக்கு இறங்கியிருந்தால் 83. இரண்டுமே நம் நான்குவழிச் சாலைகளில் அன்றாட வேகங்கள். பட்டன் ஆழமாக இருந்தால் அதை மிஞ்சும் அளவுக்குத் தண்ணீர் தேங்குவது அரிது. 2 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தால் ஒரு கோடைமழை போதும். அதனால் சட்டம் 1.6 என்று சொன்னாலும், 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரை இன்னொருவருக்கு விற்பது சரியில்லை என்பது என் கருத்து. தன் நல்ல பாதியை ஏற்கெனவே இழந்துவிட்ட பொருளுக்கு வாங்குகிறவர் பணம் கொடுக்கிறார்.

இனி முதுமை.

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமல், குளிரில் விறைக்காமல் இருப்பதைக் கண்டுபிடித்தார். ரப்பர் என்பது மிக நீளமான கரிமச் சங்கிலிகளின் குவியல். பச்சை ரப்பரில் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். கந்தகம் அவற்றுக்கிடையே அங்கங்கே பாலம் கட்டுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். அந்தப் பாலங்களின் எண்ணிக்கையில்தான் ரப்பரின் குணமே இருக்கிறது. குறைவாக இருந்தால் கொழகொழக்கும். மிகுந்துவிட்டால் விறைத்து, வெடிப்பு விடும்.

தொழிற்சாலை அச்சிலிருந்து டயர் வெளியே வந்த பிறகும் இந்த வேதியியல் நின்றுவிடுவதில்லை என்பதுதான் சிக்கல். வெப்பத்தில் கந்தகப் பாலங்கள் உடைந்து வேறுவிதமாகக் கூடுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் சங்கிலிகளைத் தாக்குகிறது. சில அறுகின்றன, சிலவற்றுக்கிடையே புதுப் பாலங்கள் விழுகின்றன. மொத்தத்தில் ரப்பர் நாளுக்கு நாள் இறுகுகிறது, நீளும் திறனை இழக்கிறது. வேதிவினைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, பத்து டிகிரி வெப்பம் ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது. ஐரோப்பாவில் பத்தாண்டு தாங்கும் டயரை சித்திரை வெயிலில் வேலூரில் நிறுத்திவைத்த காரின் டயரோடு ஒப்பிட முடியாது.

இதில் பலர் எதிர்பாராத ஒன்று உண்டு. ஆக்சிஜன் டயரை வெளியிலிருந்து மட்டுமா தாக்குகிறது? உள்ளிருந்துதான் அதிகம். 33 பிஎஸ்ஐ காற்று அடைத்த டயருக்குள் வெளியைவிட மூன்று மடங்குக்கும் மேலான ஆக்சிஜன் அழுத்தம் இருக்கிறது. டியூப்லெஸ் டயரின் உட்சுவரில் காற்றை அவ்வளவு எளிதில் விடாத பியூட்டைல் வகை ரப்பர் பூசியிருப்பார்கள். ஆனால் முழுவதும் தடுக்கும் ரப்பர் எதுவும் இல்லை. மாதாமாதம் காற்று கொஞ்சம் இறங்குவதே அதற்குச் சாட்சி. அப்படி வெளியேறும் ஆக்சிஜன் டயரின் உடம்புக்குள்ளாகத்தான் பயணிக்கிறது. போகிற வழியில் ரப்பரோடு வினைபுரிந்துகொண்டே போகிறது.

அது போகிற வழியில் இருப்பவை எஃகு பெல்ட்டுகள். பட்டனுக்குக் கீழே மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு அடுக்குகள், ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாகப் படிந்திருக்கும். எஃகும் ரப்பரும் இயல்பில் ஒட்டாதவை. அதனால் கம்பிமேல் பித்தளை முலாம் பூசுகிறார்கள். பித்தளையின் செம்பும் ரப்பரின் கந்தகமும் வினைபுரிந்து செம்பு சல்பைடாக மாறி, எஃகையும் ரப்பரையும் பிணைக்கின்றன. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் எடை முழுவதும் அந்த நுண்ணிய படலத்தை நம்பித்தான் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. இரண்டு பெல்ட்டுகளுக்கு நடுவிலுள்ள ரப்பர், குறிப்பாக அவற்றின் விளிம்பு, ஒவ்வொரு சுழற்சியிலும் நசுங்கி விரிகிறது. டயரிலேயே அதிகம் சூடாகும் இடங்களில் அது ஒன்று. முதுமையில் அந்த ரப்பர் இறுகியிருந்தால் விளிம்பில் மயிரிழை வெடிப்பு தொடங்கி, உள்ளுக்குள்ளேயே சுற்றிப் படரும். வெளியே பட்டன் அழகாகவே இருக்கும். ஒரு வெயில் நாளில், நான்கு பேரும் சாமான்களும் ஏறிய காரில், நல்ல வேகத்தில், மேல்தடம் மொத்தமாக உரிந்து பறக்கும்.

இந்தப் பிரிவு எவ்வளவு பெரிய துயரமாக முடியும் என்பதை உலகம் 2000ஆம் ஆண்டு பார்த்தது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே மேல்தடம் பிரிந்து, வண்டிகள் உருண்டன. அந்த ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 271 மரணங்களை இதனோடு தொடர்புபடுத்தியது. வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை, குறைவான காற்று, வண்டியின் உருளும் தன்மை என்று காரணங்கள் பல. ஆனாலும் விபத்துகள் அரிசோனா, டெக்சாஸ், கலிபோர்னியா, ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் குவிந்திருந்ததை யாரும் கவனிக்கத் தவறவில்லை. பின்னர் அதே அமைப்பு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த டயர் முதுமை பற்றிய அறிக்கையில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு இருக்கிறது: வாடிக்கையாளர்களில் 27 சதவீதத்தினர்தான் ஐந்து வெயில் மாநிலங்களில் இருந்தார்கள், டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்துதான் வந்தன, அவற்றில் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள்.

ஓடாத டயர் கெடாது என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. ஆனால் அதற்குள் அழுத்தக் காற்று இருக்கிறது, வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அடுப்பாய்ச் சுடுகிறது. முதுமைக்கு வேறென்ன வேண்டும்? வெளிப்புறத்துக்கு இன்னொரு எதிரி ஓசோன். இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரை அது அறுத்து மெல்லிய கோடுகள் போடும். அதைத் தடுக்க மெழுகும் 6பிபிடி என்ற வேதிப்பொருளும் ரப்பருக்குள் கலந்திருப்பார்கள். ஓடும்போது டயர் மடங்கி விரிவதால் அவை மேற்பரப்புக்குக் கசிந்து காப்புப் படலமாகின்றன. மாதக்கணக்கில் நின்ற கார் டயரில் அந்தப் படலம் புதுப்பிக்கப்படாது. பெற்றோரின் கார் டயரில் பட்டன் நிறைய இருந்தும் பக்கச்சுவரில் வெடிப்பு ஓடியிருப்பது இதனால்தான்.

ஆகவே விற்பதா என்று முடிவெடுக்கப் பட்டனுக்கு முன்பே பார்க்க வேண்டியது தேதி. பக்கச்சுவரில் டிஓடி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரிசையின் கடைசியில், பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு பக்கத்தில் இந்த எண் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் பாருங்கள். டயர் பொருத்தியபோது எண் உட்புறமாகப் போயிருக்கும். வாங்கிய பில்லின் தேதியை நம்ப வேண்டாம். கடையிலேயே ஓராண்டு இருந்த டயராக இருக்கலாம். பல கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன. பல டயர் நிறுவனங்கள் பத்தாண்டை உச்ச வரம்பாக வைக்கின்றன. நம் வெயிலுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இன்னும் கடுமையானது. தயாரான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் இருந்து, உள்ளும் புறமும் குறையில்லை என்றால் மனநிறைவோடு விற்கலாம். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே என்றால் வயதை வாய்விட்டுச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கலாம். ஐந்தைத் தாண்டிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது விற்பனைக்குரியதில்லை. இது சட்டமில்லை, என் தீர்ப்பு. ஆனால் அந்த டயரை யாருடைய குடும்பம் நம்பி ஏறப்போகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், வரக்கூடிய தொகை மிகச் சிறியது.

தேதி தேறிவிட்டால் ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். உட்சுவரில் பக்கவாட்டைச் சுற்றிக் கறுப்பாக உராய்ந்த வளையமும் ரப்பர்த் தூளும் இருந்தால், அந்த டயர் காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது. அதன் பக்கச்சுவர் நூல்கள் நசுங்கியவை. அதை விற்கக் கூடாது. பக்கச்சுவரில் எங்காவது புடைத்திருந்தால், பள்ளத்தில் விழுந்த அடியில் உள்ளிருக்கும் பாலியெஸ்டர் நூல்கள் அறுந்திருக்கின்றன. அதற்கு மருத்துவமே இல்லை. பங்க்சர்களையும் எண்ணுங்கள். சாலையோரத்தில் வெளியிலிருந்து ஊசியால் திணிக்கும் ஒட்டுத்திரி அவசரத்துக்கு உதவும். ஆனால் ஆணி துளைத்த வழியில் மழைநீர் இறங்கி எஃகுக் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்திருக்கலாம். பட்டனின் நடுப்பகுதியில் சிறு துளையாக இருந்து, உள்ளிருந்து முறையாக ஒட்டுப் போட்டிருந்தால் பரவாயில்லை. தோள்பட்டையிலோ பக்கச்சுவரிலோ போட்ட பங்க்சர் உள்ள டயர் யாருக்கும் வேண்டாம். பளபளப்பு பூசிய டயரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வெடிப்புகளை மறைக்க அதைவிட எளிய வழி வேறில்லை.

விற்பதென்றால் ஜோடியாக விற்பது நல்லது. ஒரே அச்சில் வெவ்வேறு ஆழமும் வயதும் உள்ள டயர்கள் ஈரத்தில் வெவ்வேறு விதமாகப் பிடிக்கும். 185/65 ஆர்15 88எச் என்பதுபோல் பக்கச்சுவரில் உள்ள அளவை முழுவதுமாகச் சொல்லுங்கள். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அனுமதி என்பதையும் குறிக்கும். அளவு பொருந்தினாலும் தாங்கும் எடை குறைந்த டயரை வாங்குகிறவர் தெரியாமல் பெரிய காரில் போட்டுவிடக் கூடாது.

தேறாத டயரைக் கடையில் அப்படியே விட்டுவிட்டு வருவதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. சில இடங்களில் தேய்ந்த கார் டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கறுப்பு பூசி மீண்டும் விற்கிறார்கள். லாரி டயர்களில் சிலவற்றுக்கு இப்படி வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் கனம் வைத்து, அதைப் பக்கச்சுவரிலும் குறித்திருப்பார்கள். கார் டயருக்கு அந்தக் கனம் கிடையாது. கத்தி பெல்ட்டுக்கு மிக அருகில் போய்விடும். ஆகவே கைவிடும் டயரின் பக்கச்சுவரைக் கடைக்காரர் எதிரிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள்.

லாரி டயருக்கு இப்படியொரு முடிவு சீக்கிரம் வருவதில்லை. உடம்பு நன்றாக இருக்கும்வரை புதுப் பட்டன் ஒட்டி ரீட்ரெடிங் செய்வார்கள். விமான டயர்களும் பலமுறை இப்படிப் புதுப்பிக்கப்படுகின்றன. சென்னையில் 1946இல் பொம்மை பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1952இல் ரப்பர்த் தொழிலில் காலூன்றியதே ரீட்ரெடிங்குக்கான ரப்பரைத் தயாரித்துத்தான். கோயம்புத்தூர் இன்றும் இத்தொழிலின் முக்கிய ஊர்களில் ஒன்று. கார் டயரின் உடம்பு மெல்லியது, புதிதின் விலையும் குறைவு. அதனால் அதற்கு இந்த மறுபிறவி பெரும்பாலும் வாய்ப்பதில்லை. எனக்கு இது வருத்தந்தான். எட்டு, பத்துக் கிலோ எடையுள்ள பொருளில் சாலையில் தேய்ந்து போவது சிறு பகுதி மட்டுமே. மிச்சமெல்லாம் முழுசாக நம் கையில் நிற்கிறது.

அந்த மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மனிதர் செய்த சோதனைகளில் சில கொடுமையானவை. 1972இல் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரைக்கு அப்பால், மீன்களுக்குச் செயற்கைப் பவளத்திட்டு அமைப்பதாகச் சொல்லி ஏறத்தாழ 20 லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். கட்டிய பட்டைகள் துருப்பிடித்து அறுந்தன. டயர்கள் புயலில் உருண்டு உண்மையான பவளத்திட்டுகளின்மேல் மோதின. பல ஆண்டுகளாக முக்குளிப்போர் அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1990இல் கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் குவிந்த கிடங்கு 17 நாட்கள் எரிந்தது. டயர்க் குவியலில் தண்ணீர் உள்ளே இறங்காது, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் காற்று இருக்கும். போகிப் பண்டிகையன்று சென்னையில் எரியும் ஒற்றை டயரும் அதே வேதியியல்தான். கந்தகம் கந்தக டைஆக்சைடாகிறது, கரிமம் புற்றுநோய் தரும் பல்வளையச் சேர்மங்களாகிறது. 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டயர்களைத் திறந்தவெளியில் எரிக்கவும் செங்கல் சூளைகளில் எரிபொருளாக்கவும் தடை விதித்தது.

வெடிப்பு விடாமல் காக்கும் அந்த 6பிபிடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் ஒரு குயினோன், சியாட்டில் பகுதி ஓடைகளில் மழைக்குப் பின் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் என்பதை வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தார்கள். சாலையில் தேய்ந்த துகள்களிலிருந்து வந்த நஞ்சு அது. பழைய டயரைக் குளக்கரையில் போடுவதும், அதில் பாத்தி கட்டிக் கீரை வளர்ப்பதும் எனக்கு ஒப்பாததற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் 2022 ஜூலையில் வந்த விதிகளின்படி, டயர் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் தாங்கள் சந்தைக்கு விட்ட அளவுக்கு ஏற்பக் கழிவு டயர் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். முதல் ஆண்டில் 35 சதவீதம், அடுத்த ஆண்டில் 70, பிறகு 100 என்று இலக்கு வைத்தார்கள். மறுசுழற்சி செய்பவர் தரும் சான்றிதழை வாங்கித்தான் கம்பெனி கணக்குக் காட்ட முடியும். அங்கே போகும் டயர் பொடியாக்கப்பட்டுச் சாலைத் தாரில் கலக்கிறது, ரீக்ளெயிம் ரப்பராகிறது, அல்லது காற்றில்லாக் கலனில் நானூறு ஐந்நூறு டிகிரியில் சூடாக்கப்பட்டு எண்ணெயும் கரியும் எஃகுமாகப் பிரிகிறது. சிமெண்ட் சூளையில் எரித்தாலும் எஃகு வீணாவதில்லை, அதன் இரும்பு சிமெண்டாக அரைபடும் கிளிங்கர் கட்டிகளுக்குள் போய்விடும். பொடிக்குத்தான் நான் முதலிடம் தருவேன். ரப்பர் ரப்பராகவே பயன்படுகிறது. காற்றில்லாமல் சூடாக்கிப் பிரிக்கும் சிறிய பைராலிசிஸ் ஆலைகள் பல புகையையும் கரித்தூளையும் சுற்றுப்புறத்தில் கொட்டி வருகின்றன. பைராலிசிஸுக்கென்றே வெளிநாட்டிலிருந்து கழிவு டயர் கொண்டுவருவதை அதே 2022 விதிகள் தடை செய்திருக்கின்றன. தனி வீட்டுக்காரருக்கு இந்த வலையில் நுழைய எளிய வாசல், புது டயர் போடும் கடைதான். போடும் அன்றே பழையதை ஒப்படைத்து, மறுசுழற்சிக்குத் தருகிறார்களா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரும் தன் மொத்த வியாபாரியைக் கேட்பார்.

அதுவரை வீட்டில் வைத்திருக்க வேண்டுமென்றால் வெயிலும் மழையும் படாத இடத்தில், நன்றாக மூடி வையுங்கள். மின்மோட்டார் பக்கத்தில் வேண்டாம். அதன் பொறியில் ஓசோன் உண்டாகும். மாடியில் திறந்து போட்டுவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. டயரின் வளைவில் தேங்கும் ஒரு கை நீர், வெயில் படாமல், காற்றில் உலராமல், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அருமையான தொட்டில். பெண் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச்சுவரில் முட்டையிடும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருந்து அடுத்த மழையில் பொரியும். ஏடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியாவின் புலிக்கொசு 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும், 1990இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் குடியேறியது கப்பலில் வந்த பழைய டயர்களுக்குள் ஒட்டிக்கொண்டுதான். ஆகவே டெங்கு காலத்தில் நகராட்சிப் பணியாளர் வந்து டயரைக் கவிழ்த்துவிட்டுப் போனால் வேலை பாதிதான் முடிந்தது. உட்சுவரை முரட்டுத் துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவைத்த பிறகே மூட வேண்டும்.